கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

ஒரே நிறத்தில் புடவை. கையில் சுருட்டிய சார்ட் பேப்பர். தோளில் ரெக்கார்டு நோட்டு பிதுங்கும் பை. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே வரிசையாக நிற்பார்கள். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியிலும் பார்த்திருப்பீர்கள். ‘பி.எட். டீச்சருங்க வந்திருக்காங்கம்மா’ என்று பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்லும். சில வாரங்கள் இருப்பார்கள். கடைசி நாள் மிட்டாய் கொடுப்பார்கள். இரண்டு பிள்ளைகள் அழும். மறுநாள் மறந்துவிடும்.

இவர்கள் எதற்காக வந்தார்கள், என்ன கற்றுக்கொண்டு போனார்கள் என்று நாம் யாராவது கேட்டிருக்கிறோமா? கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த 30 வருடங்களுக்கு நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவர்கள் முன்னால்தான் உட்காரப் போகிறார்கள்.

காகிதத்தில் எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் புது விதிகளைக் கொண்டுவந்தது. ஒரு வருடமாக இருந்த பி.எட்., 2015 முதல் இரண்டு வருடமானது. முன்பு 40 நாளாக இருந்த பள்ளிப் பயிற்சி, 20 வாரமானது. முதல் வருடத்தில் 4 வாரம், இரண்டாம் வருடத்தில் 16 வாரம். அனுபவமுள்ள ஆசிரியர் பாடம் நடத்துவதை உட்கார்ந்து கவனிக்க வேண்டும், பிறகு தானே நடத்திப் பழக வேண்டும், அதைப் பற்றி யோசித்து எழுத வேண்டும் என்றெல்லாம் அழகாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நடப்பது என்ன?

ஆசிரியர் லீவு போட்ட வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது. பரீட்சைப் பேப்பரில் மார்க் கூட்டுவது. ரிஜிஸ்டர் நிரப்புவது. ஆண்டு விழா என்றால் மேடைக்குத் தோரணம் கட்டுவது. பள்ளிக்கு இவர்கள் சம்பளம் இல்லாத கூடுதல் ஆட்கள். மாலையில் வீட்டுக்குப் போனால் ரெக்கார்டு எழுதும் வேலை. பாடத்திட்டம் ஒன்றுக்கு இத்தனை பக்கம், ஓரத்தில் கலர் பேனாவில் கோடு, அட்டைக்கு பிரவுன் ஷீட், அதன்மேல் லேபிள். இந்த ரெக்கார்டுகளைக் காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்க ஆள் உண்டு. சார்ட், மாடல், ஆல்பம் எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கும். தாய்மார்களே, உங்கள் பிள்ளையின் அறிவியல் புராஜெக்டை ஸ்டேஷனரி கடையில் வாங்கிக் கொடுத்தீர்களே, அதே கடைதான்.

* * *

சென்னைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் பி.எட். முடித்த ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். பி.எஸ்ஸி. கணிதம். குடும்பத்தில் முதல் பட்டதாரி. வகுப்பறையைக் கவனித்து எழுதும் ரெக்கார்டைக் காட்டினார். அதில் இப்படி இருந்தது: ஆசிரியரின் குரல் - தெளிவாக இருந்தது. கரும்பலகைப் பயன்பாடு - சிறப்பு. மாணவர் பங்கேற்பு - நன்று. வகுப்பறை மேலாண்மை - மிக நன்று. பத்து வகுப்புகளுக்கும் இதே நாலு வரி, முன்னே பின்னே மாற்றிப் போட்டது.

‘‘சீனியர் அக்கா ரெக்கார்டைப் பார்த்து எழுதினது சார். அவங்க அவங்களோட சீனியரைப் பார்த்து எழுதியிருப்பாங்க’’ என்று சிரித்தார்.

‘‘நீங்க நிஜமா என்ன பார்த்தீங்க?’’ என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, பையிலிருந்து வேறொரு பழைய நோட்டை எடுத்தார். அதன் கடைசிப் பக்கங்களில் பென்சிலில் எழுதியிருந்தார்.

எட்டாம் வகுப்பு. பின்னங்களைக் கூட்டும் கணக்கு. கடைசி வரிசையில் ஒரு பையன். போர்டில் இருப்பதை அச்சாக நோட்டில் எழுதிவிடுவான். நோட்டு பூராவும் சிவப்பு டிக். இந்தப் பெண் பின்னால் உட்கார்ந்திருந்ததால், அவன் தனியாகப் போட்ட ஒரு கணக்கு கண்ணில் பட்டது. 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருந்தான். மேலே இருக்கும் எண்ணைக் கூட்டி, கீழே இருக்கும் எண்ணைக் கூட்டிவிட்டான்.

இன்டர்வெல்லில் கேட்டிருக்கிறார். ‘‘தம்பி, உனக்கு அரை தோசை தர்றேன். அப்புறம் இன்னொரு தோசையில மூணுல ஒரு பங்கு தர்றேன். இப்ப உங்கிட்ட இருக்கறது அரை தோசையைவிடக் கூடவா, குறைச்சலா?’’

‘‘கூட மிஸ்.’’

‘‘நீ போட்டிருக்கற 2/5 அரையைவிடக் குறைச்சலாச்சே. அஞ்சு பங்குல ரெண்டு பங்குதானே? அது எப்படி?’’

பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னானாம்: ‘‘அது தோசை மிஸ். இது கணக்கு.’’

இந்த ஒரு வரியில் நம் பள்ளிக்கல்வியின் ஜாதகமே இருக்கிறது. எட்டு வருடம் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு பையன், கணக்கு என்பது வாழ்க்கைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சடங்கு என்று தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிறான். சிவப்பு டிக் அவனுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்தது யார்? ஆய்வுக்கு வந்த அதிகாரி அல்ல. பின்னால் உட்கார்ந்திருந்த, வேலை தெரியாத, 21 வயதுப் பெண்.

அவர் அதை ரெக்கார்டில் எழுதினாரா? எழுதலாமா என்று தன் கல்லூரி விரிவுரையாளரிடம் கேட்டிருக்கிறார். ‘‘இதெல்லாம் எதுக்கும்மா? ஸ்கூல்ல கோவிச்சுப்பாங்க. அடுத்த வருஷம் நம்ம பிள்ளைங்களை உள்ளே விடமாட்டாங்க. எக்ஸ்டர்னல் வந்தாலும் கேள்வி கேட்பாரு. ஃபார்மட்ல என்ன இருக்கோ அதை எழுது.’’

‘கரும்பலகைப் பயன்பாடு - சிறப்பு’ என்று எழுதிவிட்டார். முழு மார்க்.

என் கோபம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆசிரியராகப் போகிற ஒருவருக்கு நாம் கற்றுக் கொடுக்கும் முதல் பாடமே, ‘பார்த்ததை எழுதாதே, எழுத வேண்டியதை எழுது’ என்பது. இப்படிப் பயிற்சி பெற்றவர் நாளை வகுப்புக்குப் போனால், பிள்ளைகளிடம் என்ன எதிர்பார்ப்பார்? அதையேதான்.

* * *

‘போர்டைப் பார்த்து நாலு வகுப்பு கவனிக்காவிட்டால் குடியா முழுகிவிடும்? எல்லோரும் பள்ளிக்கூடம் போனவர்கள்தானே, வாத்தியார் எப்படி நடத்துவார் என்று தெரியாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் ‘தெரியாதா’வில்தான் சிக்கல்.

நான் காமர்ஸ் படித்தவன். எதையும் ஒரு தடவை கூட்டிக் கழித்துப் பார்க்காமல் விடமாட்டேன். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்கு 800 மணி நேரமும், ஆறு முதல் எட்டு வரை 1,000 மணி நேரமும் வகுப்பு நடக்க வேண்டும் என்கிறது. ஐந்து வருடத்துக்கு 4,000. மூன்று வருடத்துக்கு 3,000. ஒன்பது முதல் பிளஸ் டூ வரைக்கும் அதே 1,000 என்று வைத்துக்கொண்டால் இன்னொரு 4,000. ஆக மொத்தம் 11,000 மணி நேரம். ஒருவர் பி.எட். சேரும்போதே 11,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துவிட்டு வருகிறார். கல்லூரியைச் சேர்க்கவில்லை.

வேறு எந்தத் தொழிலிலும் இது கிடையாது. டாக்டருக்குப் படிக்க வருகிறவர் 11,000 மணி நேரம் ஆபரேஷன் தியேட்டரில் இருந்துவிட்டு வருவதில்லை. சிகாகோவைச் சேர்ந்த சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-ல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் சொன்னார். அமெரிக்கக் கணக்கில் அவருக்கு 13,000 மணி நேரம் வந்தது. மாணவராக உட்கார்ந்து பார்த்தே ஆசிரியர் வேலையை ஒருவிதமாகப் பழகிவிடுகிறோம். ஆனால் அந்தப் பழக்கம் அரைகுறையானது என்றார்.

ஏன் அரைகுறை? மாணவராக இருக்கும்போது நாம் வாத்தியாரின் முகத்தைத்தான் பார்த்தோம். அவர் ஏன் இந்தக் கேள்வியை இவனிடம் கேட்டார், ஏன் அந்த உதாரணத்தைச் சொன்னார், நேற்று ராத்திரி எதை யோசித்துவிட்டு வந்தார் என்பது நமக்குத் தெரியாது. பக்கத்து பெஞ்ச் பையனுக்குப் புரிந்ததா என்பதும் தெரியாது. நமக்குத் தெரிந்ததெல்லாம் அவர் குரல், அவர் கோபம், அவர் பிரம்பு. எனவே வகுப்பில் கை நடுங்கும் முதல் நாளில், புது ஆசிரியரின் உள்ளேயிருந்து வெளியே வருவது பி.எட். பாடப் புத்தகம் இல்லை. அவருடைய ஏழாம் வகுப்பு வாத்தியார். ‘முட்டி போடு’, ‘நூறு தடவை எழுதிட்டு வா’ எல்லாம் அப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வருகிறது. உடல்ரீதியான தண்டனையைச் சட்டம் தடை செய்து பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் அது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. முட்டி போட்டது முட்டியில் இருக்கிறது.

இந்த 11,000 மணி நேரப் பழக்கத்தை அவிழ்க்க நாம் தரும் நேரம் எவ்வளவு? முதல் வருடத்தின் 4 வாரங்களையும் முழுக்க முழுக்கக் கவனிப்பதற்கே கொடுத்தாலும், நாளுக்கு 5 மணி வீதம், வாரம் 5 நாள் என்றால் 100 மணி நேரம். 11,000-க்கு எதிராக 100. அந்த நூறையும் தோரணம் கட்டவும் ரெக்கார்டு காப்பி அடிக்கவும் செலவழிக்கிறோம். இந்த பேலன்ஸ் ஷீட்டில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

* * *

சரியான இடத்தில் இருந்து சரியாகப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்ம ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. சென்னை எழும்பூரில் 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ராணுவ வீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான அனாதை விடுதி ஒன்று இருந்தது. அதன் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் காலை வழியில் ஒரு திண்ணைப் பள்ளியைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். நின்று கவனித்தார். தன் விடுதியில் இதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. பெல் விடவில்லை. கற்றுக்கொண்ட ஒரு சின்னப் பையனை வைத்தே மற்றப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் உருவான ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பள்ளி இன்றும் இருக்கிறது.

பெல் முறையில் குறைகள் நிறைய. அது வேறு விவாதம். ஆனால் நம் திண்ணைப் பள்ளியை ஒரு வெள்ளைக்காரர் நின்று பார்த்ததில் ஒரு தேசத்தின் பள்ளிகள் மாறின. நம் பள்ளியை நம் பிள்ளைகள் நாலு வாரம் பார்க்கிறார்கள். ‘கரும்பலகைப் பயன்பாடு - சிறப்பு’.

சமீப கால உதாரணமும் உண்டு. 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. அப்போது ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், ஆசிரியர்களை ஆந்திராவின் ரிஷிவேலிக்கு அனுப்பி, அங்கே பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாமாகவே படிப்பதை நேரில் பார்க்கச் சொன்னார். பார்த்தவர்கள் நம்பினார்கள். நம்பியவர்கள் செய்தார்கள். பிறகு 2007-08-ல் மாநிலம் முழுக்க அது விரிந்தது. நேரில் பார்க்காமல் சுற்றறிக்கையை மட்டும் பார்த்த பல இடங்களில் அட்டைகள் அட்டைகளாகவே இருந்தன. ஒரே திட்டம்தான். பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் உள்ள வித்தியாசம் அது.

* * *

‘எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பின்னால் உட்கார்ந்து என்ன பயன்?’ என்று ஒரு நியாயமான கேள்வி வரும். வேடிக்கை என்னவென்றால், எதைப் பார்ப்பது என்பது பி.எட். பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

ஃபிளாண்டர்ஸ் என்று ஒருவர். பி.எட். படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வகுப்பில் யார் பேசுகிறார்கள் என்பதை 3 விநாடிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே போகும் முறையை உருவாக்கியவர். மொத்தம் 10 வகை. ஆசிரியர் பேசுவது 7, மாணவர் பேசுவது 2, மௌனமோ குழப்பமோ 1. ஒரு பேனாவும் தாளும் கடிகாரமும் போதும். அமெரிக்க வகுப்பறைகளை இப்படிக் கவனித்துவிட்டு அவர் சொன்னது: வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்கள், அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது. நம் வகுப்பில் இது எவ்வளவு என்று குறித்துப் பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும். குறித்துப் பார்ப்பதில்லை. அந்தப் பத்து வகைகளையும் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதுகிறார்கள். சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று கட்டுரை எழுதி முதல் மார்க் வாங்குவது மாதிரி.

மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் இன்னும் எளிமையான ஒன்றைக் கவனித்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? ஒரு விநாடி அளவுதான். அதற்குள் பதில் வராவிட்டால் வேறொரு பிள்ளையைக் கேட்பார், இல்லை தானே சொல்லிவிடுவார். இதையே 3 விநாடியாக ஆக்கிப் பார்த்தார்கள். பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின. வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். ‘தெரியாது’ குறைந்தது. காசில்லாத, கருவியில்லாத வைத்தியம். ஆனால் பின்னால் ஒருவர் உட்கார்ந்து எண்ணிச் சொன்னால்தான் தெரியும். நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு அந்த ஒரு விநாடி ஒரு யுகமாகத் தெரியும்.

மூன்று விஷயம் போதும். எத்தனை கேள்வி கேட்கப்பட்டது, அவை எந்தெந்த பெஞ்சுக்குப் போயின, கேட்ட பிறகு எத்தனை விநாடி காத்திருந்தார். ஒரு வாரம் இதை மட்டும் குறித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கடைசி பெஞ்ச் எப்படி உருவாகிறது என்று அந்தப் பெண்ணுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

* * *

இதையெல்லாம் ஏன் செய்வதில்லை? ஆசிரியர் பயிற்சி இங்கே ஒரு வியாபாரம். நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையில் உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 2012-ல் அறிக்கை கொடுத்தது. நாட்டில் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் சுமார் 90 சதவிகிதம் தனியார் கையில் இருப்பதைச் சுட்டிக்காட்டி, அவற்றின் தரத்தைப் பற்றிக் கவலைப்பட்டது. ‘காலேஜுக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்’ என்று பி.எட். சீட்டு விற்கிற புரோக்கர்கள் இருப்பது ஊருக்கே தெரியும். கல்லூரிக்கே வராதவர், பள்ளிக்குப் போய்க் கவனிப்பாரா?

அரசாங்கத்தின் பதில் என்ன? பரீட்சை. ஆசிரியர் தகுதித் தேர்வு. தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். ஒரு சதவிகிதம்கூடத் தேறவில்லை. நேரம் போதவில்லை என்று ஒன்றரை மணியை மூன்று மணியாக்கி அக்டோபரில் மறுபடி வைத்தார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆசிரியர்களும் ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால் இந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று சொல்லிவிட்டது. நாடே அதைப் பற்றிப் பேசியது.

நான் தேர்வுக்கு எதிரி இல்லை. பாடம் தெரியாதவர் பாடம் நடத்தக் கூடாது. ஆனால் 150 கேள்விக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பவருக்கு, 1/2 + 1/3 எவ்வளவு என்று தெரியும். அந்தப் பையன் ஏன் 2/5 போட்டான் என்று தெரியுமா? அதைச் சோதிக்க ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் கிடையாது. டூ வீலர் லைசென்ஸ் வாங்க எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். முப்பது வருடம் வகுப்பு நடத்தப் போகிறவரின் வேலையை, வேலைக்கு எடுக்கும் முன் யாரும் பார்ப்பதில்லை. பி.எட்.டில் செய்முறைத் தேர்வு இருக்கிறதே என்பீர்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளை கை தூக்க வேண்டும் என்பது வரைக்கும் ஒத்திகை பார்த்து நடத்தும் நாடகம் அது, பல இடங்களில்.

மற்றத் தொழில்களைப் பாருங்கள். என்னோடு பி.காம். படித்தவர்களில் சி.ஏ. போனவர்கள் ஒரு ஆடிட்டரிடம் மூன்று வருடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்தார்கள். 2023 முதல் அது இரண்டு வருடம். அந்தக் காலத்துக்கு உதவித்தொகை உண்டு. வவுச்சரை டிக் அடிப்பதில் ஆரம்பித்து, சீனியர் எப்படிக் கேள்வி கேட்கிறார், எந்த எண்ணைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்துகிறார் என்று கூடவே இருந்து கற்றார்கள். எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஒரு வருடம் மருத்துவமனையில் உதவித்தொகையோடு வேலை பழகுகிறார். ஒரு கம்பெனியின் கணக்கைப் பார்க்க இவ்வளவு ஏற்பாடு. ஒரு பிள்ளையின் கணக்கைப் பார்க்க? கல்லூரிக்குக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, கைக்காசைப் போட்டு சார்ட் வாங்கி, பஸ் ஏறி வரவேண்டும். டவுன் பஸ் பெண்களுக்கு இலவசமானதால் அந்தச் செலவாவது மிச்சம்.

* * *

ஆசிரியர்கள் தரப்பையும் கேட்க வேண்டும். ‘எவளோ ஒரு சின்னப் பொண்ணு பின்னால உட்கார்ந்து என் குறையை எழுதுவாளா?’ என்று கோபம் வரும். எனக்கு அது புரிகிறது. நம் ஊரில் வகுப்புக்குள் வந்து பார்ப்பவர் என்றாலே இன்ஸ்பெக்‌ஷன்தான். வந்தவர் குறை எழுதுவார், மெமோ வரும். பார்ப்பது என்பதே தண்டனையின் முதல் படி என்று ஆக்கிவைத்திருக்கிறோம்.

ஜப்பானில் நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு வழக்கம் இருக்கிறது. ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் வகுப்பைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். அவர்கள் பார்வை நடத்துகிறவர் மேல் இருக்காது. பிள்ளைகளின் நோட்டுகள் மேல் இருக்கும். முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பாடம் எல்லோருடையது, எனவே குறையும் எல்லோருடையது. யார் மானமும் போவதில்லை. நம் பி.எட். பெண்ணும் பார்த்தது ஆசிரியரை அல்ல, கடைசி வரிசைப் பையனின் நோட்டை. 40 பேரை ஒரே ஆளாகச் சமாளிக்கும் ஆசிரியரின் கண்ணில் அது படாமல் போனது குற்றமில்லை. பார்த்தவர் அவரிடம் சொல்ல முடியாமல் போனதுதான் குற்றம். சொல்லியிருந்தால் இருவருக்கும் லாபம். பையனுக்கு இரட்டை லாபம்.

‘எங்களுக்கே தலைக்கு மேல் வேலை, இதில் இவர்களுக்கு வேறு சொல்லிக் கொடுக்கணுமா?’ என்பது இரண்டாவது குறை. இது முழு நியாயம். தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை, ஆன்லைன் பதிவு என்று ஏற்கெனவே நசுங்கிப் போயிருக்கிறார்கள். பயிற்சி மாணவரை ஏற்கும் ஆசிரியருக்குப் பாடவேளையைக் குறைக்காமல், ஒரு பைசா கூடுதலாகத் தராமல், ‘வழிகாட்டி’ என்று பட்டம் மட்டும் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டுத் தருவார்.

இது ஒன்றும் நமக்குப் புதிதல்ல. 1856-ல் ஆரம்பித்து, பின்பு சைதாப்பேட்டையில் வேரூன்றிய ஆசிரியர் கல்லூரிக்குப் பக்கத்திலேயே மாதிரிப் பள்ளி இருக்கிறது. ஆசிரியர் தினம் யாருடைய பிறந்த நாளோ, அந்த ராதாகிருஷ்ணனே சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்தான். பயிற்சிக் கல்லூரியும் பள்ளியும் ஒட்டியே இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. நாம் என்ன செய்தோம்? ஹைவேயில் நிலம் வாங்கி, கல்லூரி கட்டி, பள்ளியோடு உறவை ஒரு கடிதத்தோடு முடித்துக்கொண்டோம்.

* * *

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா? ஐந்தே ஐந்து.

ஒன்று. நாலு வரி ஃபார்மட்டைக் கிழித்துப் போடுங்கள். மாணவ ஆசிரியர் தினமும் ஒரே ஒரு பிள்ளையைக் கவனித்து ஒரு பக்கம் எழுதட்டும். பிள்ளையின் பெயர் வேண்டாம், ஆசிரியரின் பெயர் வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம். கலர் பேனாவும் வேண்டாம்.

இரண்டு. அதற்கு மார்க் போடாதீர்கள். மார்க் போட்டால் மறுநாளே அதற்கும் கடையில் ரெடிமேட் நோட்டு வந்துவிடும். அதை வைத்துக் கல்லூரியில் வாரம் ஒருநாள் பேசுங்கள்.

மூன்று. வழிகாட்டி ஆசிரியருக்கு வாரத்தில் சில பாடவேளைகளைக் குறையுங்கள். படி கொடுங்கள். பதவி உயர்வில் அதற்கு மதிப்பு வையுங்கள்.

நான்கு. 16 வாரப் பயிற்சிக்கு உதவித்தொகை கொடுங்கள். ஏழை வீட்டுப் பெண் சார்ட் பேப்பருக்குக் கடன் வாங்கக் கூடாது. உதவித்தொகை கொடுத்தால் வருகைப் பதிவும் ஒழுங்காக இருக்கும், வராத பி.எட். தானாக வெளியே தெரியும்.

ஐந்து. வேலைக்கு எடுக்கும்போது தகுதித் தேர்வு மார்க்கோடு, ஒரு நிஜ வகுப்பையும் பாருங்கள். ஒத்திகை பார்க்காத பிள்ளைகளோடு, அரை மணி நேரம்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். என்.சி.டி.இ. 2025-ல் வெளியிட்ட வரைவு விதிகளில், நாலு வருடப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்கு ஒரு வருட பி.எட். மறுபடி வரலாம் என்று சொல்லியிருக்கிறது. ஒரு வருடம், இரண்டு வருடம், நாலு வருடம் என்று ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே இருக்கிறோம். ரப்பரின் நீளம் என்னுடைய கவலை இல்லை. அந்தக் காலத்துக்குள் ஒருவர் வகுப்பறையை நிஜமாகப் பார்த்தாரா, இல்லையா? அதைக் கேளுங்கள்.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவரோடு இதையும் கேளுங்கள்: ‘நம்ம ஸ்கூலுக்கு வர்ற பி.எட். பிள்ளைங்க உட்கார இடம் இருக்கா? அவங்க என்ன பார்த்தாங்கன்னு யாராவது கேட்டீங்களா?’ தனியார் பள்ளியில் ஃபீஸ் கட்டுகிறவர்கள் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதைப் போட அரசாணை தேவையில்லை, டெண்டர் தேவையில்லை. அதில் உட்காரப் போகிறவரைத் தோரணம் கட்டக் கூப்பிடாமல் இருந்தால் போதும்.